பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

கிளட்சை விட்டதும், வண்டி நகர்வதற்கு ஒரு கணம் முன்னால், அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பழைய ஃபோர்வீல் ஜீப் ஓட்டியவர்களுக்கு அது பழகிப்போன சத்தம். விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் கேட்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற கற்பாதையில் ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்கும். வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதைக் காது கொடுத்துக் கேட்கிறவன். அது ஒரே சத்தம் அல்ல. கிளட்ச் தட்டின் ஸ்ப்ளைன், கியர்பாக்ஸின் பற்கள், டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள், ஜாயிண்ட் ஷாஃப்டின் இரண்டு கிராஸ்கள், பினியன், கிரவுன், ஸ்டார் பினியன்கள், ஆக்சில் ஷாஃப்ட், ஹப்பின் கீ என்று வரிசையாக ஒவ்வொன்றிலும் இருக்கிற இடைவெளி ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுகிறது. அத்தனையும் அடைந்த பிறகுதான் இன்ஜினின் சுழற்சி சக்கரத்தைத் தொடுகிறது.

பழைய ஜீப்பை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரிய டயர். அடுத்தது உயர்த்திய பட்டைகள், பிறகு ஃப்ரீவீல் ஹப், பிறகு விளக்குகள். அவை கண்ணுக்குத் தெரிகிறவை. ஆனால் இந்த வேலையின் அழகு முழுவதும், என் கணக்கில், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிகளில் இருக்கிறது. அதற்கு ஒரு கறாரான காரணமும் உண்டு. சக்கரம் வழுக்குவதற்கு முன் ஆக்சில் ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதை, டயர் தரையைப் பிடிக்கிற பலமும் டயரின் ஆரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் மாட்டினால், அதே பாறையில், அதே பிடியில், ஷாஃப்டின் மேல் வருகிற முறுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அகலமான டயர் நன்றாகப் பிடித்தால் இன்னும் கூடும். தேய்ந்த கீயும் தேய்ந்த ஸ்ப்ளைனும் அந்தப் புதிய பாரத்தைத்தான் முதலில் வாங்குகின்றன. எனவே தேய்ந்ததை மாற்றுவது மேம்படுத்துவதற்கு முந்தைய சில்லறை வேலை அல்ல; மேம்படுத்துவதன் முதல் பாதியே அதுதான்.

ஆட்டம் என்பது குறை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு பற்கள் இடைவெளியே இல்லாமல் பொருந்தினால், இரும்பு சூடாகி விரியும்போது ஒன்றை ஒன்று நெரிக்கும்; நடுவில் எண்ணெய் நுழைய வழி இருக்காது. இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு தடவையும் சுத்தியல் அடி. இந்த இரண்டுக்கும் நடுவே சில தௌ அகலத்தில் ஒரு சரியான இடம் இருக்கிறது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; ஒரு மில்லிமீட்டரை நாற்பதாகப் பகிர்ந்தால் ஒன்று. கல்லிலும் சேற்றிலும் உருள்கிற முரட்டு வண்டி, உள்ளே இவ்வளவு மெல்லிய அளவுகளின் மேல் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க பழைய வில்லிஸ் ஜீப்பின் அமைப்பே ஒரு வழியைக் கொடுத்து வைத்திருக்கிறது. அதில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ஜாயிண்ட் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம்மாக இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால், தெரிகிற ஆட்டம் முழுவதும் டிரம்முக்குப் பின்னால் இருப்பது. பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு மறுபடி ஆட்டினால், கூடுதலாக வருவது டிரம்முக்கு முன்னால் இருப்பது. ஒரு பிரேக், வண்டியின் மொத்தத் தேய்மானத்தையும் நடுவில் வெட்டிக் காட்டிவிடுகிறது. வடிவமைத்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா தெரியாது; ஆனால் ஷெட்டில் நிற்பவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது.

நான் பேசுவது வில்லிஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த சிஜே-3பி பற்றியும், அதை உரிமம் பெற்று மகிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் செய்துவந்த அதன் வாரிசுகள் பற்றியும். உயர்ந்த பானெட், 80 அங்குல வீல்பேஸ். டி-90 என்ற மூன்று கியர் பெட்டி, டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் டானா 25 ஆக்சில், பின்னால் டானா 44. இவற்றின் உறவினர்களான பாகங்கள் உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் பாகமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. டானா 18இன் இடைக்கியர் ஷாஃப்ட் வெவ்வேறு காலத்தில் மூன்று தடிமன்களில் வந்தது. முதலில் 6 நூல், பிறகு 1 அங்குலம் 1 நூல், கடைசியில் 1 அங்குலம் 2 நூல். கடைக்காரர் வெர்னியர் எடுப்பதற்கு முன்பே, பழைய ஷாஃப்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து எது என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

அந்த இடைக்கியரில் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றுகிறது. டானா 18 முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது, சங்கிலி கிடையாது. பின்னால் வந்த பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் சாதாரண ஓட்டத்தில் சுழற்சி நேராகப் போய்விடும், தாழ்ந்த கியருக்கு மட்டும் பக்கத்துப் பற்கள் வேலை செய்யும். டானா 18இல் அப்படி இல்லை. தார்ச்சாலையில் போனாலும் மலையேறினாலும், முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும், இன்ஜினின் மொத்தப் பாரமும் இடைக்கியரைக் கடந்துதான் போக வேண்டும். அதற்கு ஓய்வே இல்லை. பழைய ஜீப்பின் அந்த மெல்லிய ரீங்காரம் அங்கிருந்து வருகிறது. ரீங்காரத்தைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேர்வெட்டாக இல்லாமல் சாய்வாக வெட்டிய பற்கள் எண்ணெயில் குளித்து ஓடும்போது எழும் சுருதி அது. அது கரகரப்பாக மாறும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

கரகரத்த ஒரு டானா 18ஐ அடித்தட்டைக் கழற்றி, பூட்டுத்தகட்டை எடுத்து, இடைக்கியர் ஷாஃப்டைப் பின்பக்கமாக அடித்து வெளியே எடுங்கள். அந்த ஷாஃப்ட் சுழல்வதில்லை. பூட்டுத்தகடு அதன் காடியில் உட்கார்ந்து அதை அசையாமல் பிடித்திருக்கிறது. ஊசி பேரிங்குகளின் மேல் கியர்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. பாரம் வருகிற திசையும் பெரும்பாலும் ஒன்றே. எனவே ஷாஃப்டின் ஒரு பக்கம் தொழிற்சாலையில் தேய்த்த பளபளப்போடு அப்படியே இருக்கும். திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் ஊசிகள் ஓடிய தடம் வாய்க்காலாக இறங்கியிருக்கும். விளிம்பில் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். எத்தனையோ வருட மலையேற்றம் ஒரே பக்கத்தில் பதிந்திருக்கிறது. நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் படி தடுக்கும். நகம் தடுக்கிற ஷாஃப்டில் புது ஊசிகளைப் போடுவது ஊசிகளுக்குச் செய்கிற அநியாயம். ஷாஃப்ட், ஊசிகள், இரண்டு முனையிலும் இருக்கிற வெண்கல வாஷர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். வாஷர் தேய்ந்தால் கியர் முன்னும் பின்னும் நகரும். சாய்வாக வெட்டிய பல் என்பதால், நகர்கிற ஒவ்வொரு தடவையும் பொருத்தமும் கொஞ்சம் விலகும்.

திரும்பக் கோர்ப்பது பார்க்க வேண்டிய காட்சி. சில பெட்டிகளில் ஊசிகளைப் பிடித்து நிறுத்தக் கூண்டு கிடையாது. கியரின் உள்வாயில் கெட்டியான கிரீஸைப் பூசி, ஒவ்வோர் ஊசியாக ஒட்டி, நடுவில் ஒரு பொய் ஷாஃப்டை வைக்க வேண்டும். கியரின் நீளமே இருக்கிற வெறும் துண்டு அது. வாஷர்களைக் கிரீஸால் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு, முழுச் சுமையையும் கீழிருந்து உள்ளே தூக்கி, துளையோடு துளை சேரும்போது உண்மையான ஷாஃப்டை ஒரு பக்கமிருந்து செலுத்தினால், பொய் ஷாஃப்ட் மறுபக்கம் வழியாக வெளியே வரும். இரண்டு ஷாஃப்டுகளின் முகங்களும் ஒரு கணம்கூடப் பிரியக் கூடாது. பிரிந்தால் ஊசி விழும்.

“தம்பி, மூச்சு விடாம பிடி.”

“பிடிச்சிருக்கேண்ணே. கை வலிக்குது.”

“இன்னும் அரை அங்குலம்டா. வந்துருச்சு, வந்துருச்சு… இப்ப விடு.”

விட்டதும் கியரை ஒரு விரலால் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கும் தட்டாமல், வழவழவென்று சுற்றி மெல்ல நிற்கும். அதற்கப்புறம்தான் டீ.

ஜாயிண்ட் ஷாஃப்டுக்கு வருவோம். கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தோடு தொடர்பிலிருந்த நாட்களில் உருவாக்கி 1903இல் காப்புரிமை பெற்ற யுனிவர்சல் ஜாயிண்டின் வம்சம் இது. அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு டானா ஆனது. சிலுவை வடிவ இரும்பு, அதன் நான்கு கைகளிலும் ஊசிகள் நிறைந்த குப்பிகள். பார்க்க எளிமை, நடத்தை நுட்பமானது. ஷாஃப்ட் கோணத்தில் திரும்பும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுழன்றாலும் அந்தப் பக்கம் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்துகிறது, இரண்டு தடவை பிந்துகிறது. 20 பாகைக் கோணத்தில் இந்த முந்தலும் பிந்தலும் ஆறு சதவீதம் வரை போகும். அதை அழிக்க ஒரே வழி, மறுமுனையில் இன்னொரு கிராஸை அதே கோணத்தில் வைத்து, முதலாவது பிந்தும்போது இரண்டாவது முந்தும்படி செய்வது. அதற்காக ஷாஃப்டின் இரண்டு முனை முட்கரண்டிகளும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். நடுவே இருக்கிற ஸ்ப்ளைனைக் கழற்றி மாட்டும்போது ஒரே ஒரு பல் தள்ளிப்போனாலும் அந்த ஒற்றுமை கெட்டுவிடும். ஷாஃப்டின் மேல் பொறித்திருக்கிற இரண்டு சிறிய அம்புகள் அதற்குத்தான். பெயின்ட்டும் சேறும் மூடியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எட்டிப் பார்க்கும். அந்த அம்புகளைத் தேடிப் பார்க்கிற மெக்கானிக்கிடம் வண்டியைத் தயங்காமல் விடலாம்.

பட்டையை உயர்த்துகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 80 அங்குல வீல்பேஸில் பின் ஜாயிண்ட் ஷாஃப்ட் மிகவும் குட்டை. உடம்பை இரண்டு அங்குலம் தூக்கினாலே கோணம் கூர்மையாகிவிடும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியன் முகத்தைச் சற்றே நிமிர்த்தினால், இரண்டு கோணமும் மறுபடி சமமாகும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு: கோணமே இல்லாமல் நேர்க்கோட்டில் இருப்பதும் கிராஸுக்கு நல்லதல்ல. முழு நேராக இருந்தால் ஊசிகள் உருளாது. ஒரே இடத்தில் நின்று நின்று சிலுவையின் கையில் கோடு கோடாகப் பதிந்துவிடும். ஒன்றிரண்டு பாகையாவது சாய்வு இருந்தால்தான் ஊசி கொஞ்சம் புரண்டு, புதிய இடத்தில் புதிய கிரீஸை எடுத்துக்கொள்ளும். பழைய கிராஸைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், அந்தக் கோடுகள் சீப்பின் பற்களுக்குரிய ஒழுங்கோடு வரிசையாகத் தெரியும். பளபளப்பாக இருந்தாலும் அது முடிந்துபோன கிராஸ்.

புதுக் குப்பியை அடிக்கும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் படுத்துக்கொள்வதும் உண்டு. சர்க்ளிப் அதன் காடிக்குள் விழ மறுக்கும். அங்கே சுத்தியலை ஓங்குவதா, குப்பியைத் திரும்ப எடுப்பதா என்பதில் ஒருவருடைய கைப்பழக்கம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி கிரவுன், பினியன். இந்த வேலையில் சுவை மிகுந்த பகுதி இதுதான்.

சிஜே-3பியின் ஆக்சில் விகிதம் 5.38. பினியனில் 8 பற்கள், கிரவுனில் 43. ஏன் 40 வைத்து ஐந்து மடங்கு என்று முழு எண்ணாக முடித்துக்கொள்ளவில்லை? அப்படி வைத்தால் பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே ஐந்து பற்களை மட்டுமே ஆயுள் முழுக்கச் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு பிசிர் இருந்தால் அந்த ஐந்தும் சீக்கிரம் கெடும். 43 பகா எண். எனவே பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் 43 பற்களையும் முறை வைத்துச் சந்தித்த பிறகுதான் முதல் பல்லிடம் திரும்பி வருகிறது. பினியன் 43 சுற்று, சக்கரம் 8 சுற்று. பழைய 6.00-16 டயரில் கணக்குப் போட்டால், ஒரே இரண்டு பற்கள் மறுபடி சந்திக்கச் சாலையில் ஏறக்குறைய 18 மீட்டர் போக வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. எண்ணைத் தேர்ந்தெடுத்ததிலேயே இவ்வளவு அக்கறை.

அதே காரணத்தால்தான் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாழ்ந்து ஜோடியாகவே போக வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு இழைத்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். பினியன் தலையில் இன்னொரு சிறிய எண்ணும் இருக்கும்: கூட்டல் குறியோடு 2, அல்லது கழித்தல் குறியோடு 3 என்று. வரைபட அளவிலிருந்து இந்தப் பினியன் எத்தனை தௌ தள்ளி உட்கார்ந்தால் அமைதியாக ஓடும் என்பது அது. செய்தவர் பொருத்தப்போகிறவருக்கு எஃகிலேயே எழுதி அனுப்பிய குறிப்பு. பழைய பினியனில் +2, புதியதில் −1 என்றால், பினியனுக்குப் பின்னால் இருக்கிற ஷிம்மை, அதாவது மெல்லிய தகட்டை, 3 தௌ மாற்றிப் பார்த்துத் தொடங்கலாம். எண் ஒத்துப்போகாத புது ஜோடியைவிட, எண் ஒத்த, பல் கெடாத பழைய ஜோடி எவ்வளவோ மேல் என்பது என் திடமான கருத்து. பழைய எஃகில் பற்களின் முகம் கண்ணாடியாகத் தேய்ந்து, ஆனால் குழியில்லாமல் இருந்தால், அதை எறிய எனக்கு மனம் வராது.

பினியன் தன் இரண்டு டேப்பர் பேரிங்குகளில் உட்காருகிறது. டேப்பர் ரோலருக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898இல். தள்ளுவதையும் அழுத்துவதையும் ஒரே பேரிங் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. இங்கே மட்டும் ஆட்டம் அறவே கூடாது. அதற்கும் கீழே போய், சற்று இறுக்கமே கொடுக்க வேண்டும். டானா 44இல் புது பேரிங்குகளுக்கு அந்த இறுக்கம் 20 முதல் 40 அங்குல-பவுண்டு. பினியனைச் சுழற்ற அவ்வளவு முறுக்கு தேவைப்பட வேண்டும். அதை அளக்கப் பலர் செய்கிற முறை எனக்குப் பிடிக்கும்: ஃபிளாஞ்சைச் சுற்றிக் கயிறு சுற்றி, கயிற்றின் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டிச் சீராக இழுக்கிறார்கள். தொடக்கத்தில் முள் எகிறும்; அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சுழலத் தொடங்கியபின் முள் எங்கே நிலைக்கிறதோ அதுதான் அளவு. கயிறு ஏறியிருக்கிற ஆரத்தால் பெருக்கினால் விடை. குறைவாக இருந்தால் ஒரு ஷிம் எடுக்க வேண்டும், கூடினால் ஒரு ஷிம் சேர்க்க வேண்டும். 3 தௌ ஷிம் ஒன்று விரலில் காற்றுக்கே படபடக்கும். அதுதான் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் பேரிங் ஆயுளை நிர்ணயிக்கிறது.

பிறகு கிரவுன். இடமும் வலமும் ஷிம் மாற்றி, பினியனிடம் நெருக்கியோ விலக்கியோ, பற்களின் இடைவெளியை 5 முதல் 10 தௌவுக்குள் கொண்டுவர வேண்டும். டயல் கேஜின் நுனியைக் கிரவுன் பல்லின் மேல் செங்குத்தாக வைத்து, பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை மட்டும் ஆட்டினால் முள் காட்டும். ஓரிடத்தில் பார்த்தால் போதாது; கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 6, எதிர்ப்பக்கம் 10 என்று வந்தால், பற்கள் சரி, கிரவுன் உட்காரும் இடத்தில் ஒரு துளி அழுக்கோ பிசிரோ இருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டை மறுபடி கழற்றி, எண்ணெய்க்கல்லால் அந்த முகத்தைத் தேய்க்க வேண்டும்.

இவ்வளவும் எண்கள். கடைசித் தீர்ப்பு எண்ணில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. நாலைந்து கிரவுன் பற்களில் மஞ்சள் நிறக் கலவையையோ நீலச் சாயத்தையோ மெல்லப் பூசி, கிரவுனை ஒரு கட்டையால் தடுத்துப் பாரம் கொடுத்தபடி பினியனைச் சுற்றினால், பல் பட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு வடிவம் விழும். நெல்மணியைப் படுக்கவைத்த மாதிரி, பல்லின் நடுவே, மேல் விளிம்பையும் அடியையும் தொடாமல் அது இருந்தால் நல்லது. பல்லின் அடிவாரத்தில் இறங்கியிருந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. உச்சியில் ஏறியிருந்தால் போதாமல் நிற்கிறது. இழுக்கிற முகம், அதாவது குவிந்த பக்கம், முதலில் பார்க்க வேண்டியது. ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது வேலை செய்கிற குழிந்த பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். மலைவண்டிக்கு இரண்டாவதும் முதலாவதற்குச் சமம். போடிமெட்டில் ஏறியதையெல்லாம் இன்ஜின் பிடித்தபடி இறங்கியாக வேண்டும் அல்லவா.

ஒரே தடவையில் வடிவம் சரியாக விழாது. பினியனைக் கழற்றி, பேரிங்கை இழுத்து, ஷிம் மாற்றி, மறுபடி அழுத்தி, மறுபடி சாயம். இறுக்கமான பேரிங்கை ஒவ்வொரு தடவையும் இழுத்தால் அது கெடும் என்பதால், விவரமான மெக்கானிக்குகள் அதே எண்ணுள்ள ஒரு பழைய பேரிங்கின் உள்துளையைச் சற்றே தேய்த்துத் தளர்த்தி, சோதனைக்கென்றே அலமாரியில் வைத்திருப்பார்கள். கையாலேயே ஏறி இறங்கும். அளவு முடிவானதும் புது பேரிங். தேய்ந்து ஓய்வு பெற்ற ஒரு பேரிங்குக்கு இதைவிடக் கௌரவமான வேலை எனக்குத் தெரியாது. முன் ஆக்சிலுக்கும் இதே சடங்கு உண்டு. விகிதமும் பின்னதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபோர்வீல் போட்டதும் இரண்டு ஆக்சில்களும் சண்டையிடும்.

ஸ்டார் பினியன்களை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கிரவுனின் இடைவெளி 8 தௌ, ஆனாலும் சக்கரத்தில் இவ்வளவு ஆட்டமா என்று கேட்பார்கள். 8 தௌ இடைவெளி பினியன் ஃபிளாஞ்சில் முக்கால் பாகைகூட வராது. மிச்சமெல்லாம் கேஸுக்குள்ளே, ஸ்டார் பினியன்களின் முதுகில் இருக்கிற கிண்ண வடிவ வாஷர்களிலும் அவை கோர்த்திருக்கிற குறுக்குக் கம்பியிலும் ஒளிந்திருக்கிறது. அந்த வாஷர்கள் தேய்ந்து தகடாகி, சில வண்டிகளில் தூளாகிக் காணாமலே போயிருக்கும். விலை அற்பம், கைக்குக் கிடைக்கிற வித்தியாசம் பெரிது.

பின் ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டானா 44இல் ஆக்சில் ஷாஃப்டின் நுனி கூம்பாக இருக்கும். ஹப் அதன் மேல் ஏறி உட்காரும், நடுவே ஒரு கீ. சக்கரத்தைச் சுழற்றுவது கீதான் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக இறுகிய கூம்பில் பாரத்தைச் சுமப்பது இரண்டு கூம்பு முகங்களின் உராய்வு. கீ காவலுக்கு நிற்கிறது. நட்டு தளர்ந்து, கூம்பு அசையத் தொடங்கும்போதுதான் கீ பாரம் சுமக்கிறது, நசுங்குகிறது, காடியை அகலமாக்குகிறது. பெரிய டயர் போட்ட வண்டியில் இது வேகமாக நடக்கும். எனவே புதுக் கீ வாங்கினால் போதாது. கூம்பில் நீலச் சாயம் பூசி ஹப்பை ஏற்றித் திருகி எடுத்துப் பார்க்க வேண்டும். முக்கால் பாகத்துக்கு மேல் சாயம் ஒட்டியிருந்தால் ஹப் பிழைக்கும். நட்டை முழுக்க இறுக்கிய பிறகு காட்டர் பின் துளை சேரவில்லை என்றால், அடுத்த துளை வரை இன்னும் இறுக்க வேண்டுமே தவிர, பின்னால் தளர்த்தக் கூடாது.

கிராங்கின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன வெண்கல புஷ்ஷையும் சொல்லாமல் போக முடியாது. கியர்பாக்ஸின் மூக்கு அதில்தான் சாய்ந்திருக்கிறது. அதைப் பிடித்து இழுக்க இடமே கிடையாது. துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்கு இறுக்கமாக ஒரு பழைய ஷாஃப்டை வைத்து ஓர் அடி. கிரீஸ் போக வழியில்லாமல் புஷ்ஷின் முதுகைத் தள்ள, அது தானாக வெளியே வந்துவிடும். புதுப் புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. எண்ணெயில் ஊறவைத்து எடுத்துக் கட்டைவிரலால் இறுக்கினால் மேற்பரப்பு வியர்க்கும்.

கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கிரவுன் பினியனுக்கு வேண்டியது அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 தரத்து 90 ஆயில். அதிலிருக்கிற கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் எஃகைக் காக்கும், பித்தளைக்கு ஆகாமல் போகலாம். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும். டப்பா நிறம் ஒன்றாக இருக்கிறது என்று ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் ஊற்றிவிடுகிறார்கள்.

எல்லாம் கோர்த்து முடித்த ஆக்சிலை உடனே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. புதுப் பற்களின் முகத்தில் இயந்திரம் விட்ட நுண்ணிய முகடுகள் முதல் ஓட்டத்தில் நசுங்கிப் படிகின்றன. அப்போது எழுகிற சூடு பிறகு எப்போதும் எழாது. சமதளத்தில், பாரமில்லாமல், கால் மணி நேரமோ இருபது நிமிடமோ ஓட்டி, ஆக்சில் ஆறும்வரை நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். நிறுத்தியதும் ஹவுசிங்கின் மூக்கில், பினியன் பேரிங் இருக்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்குகிற சூடு என்றால் இறுக்கம் சரி. வைக்க முடியாமல் கையை எடுக்க நேர்ந்தால் ஷிம் பாக்கி இருக்கிறது. முதல் 800 கிலோமீட்டர் கடந்ததும் எண்ணெயை வடித்துவிட்டு, வடிகால் நட்டின் காந்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் குழைவாக, விரலில் தேய்த்தால் வழவழவென்று மை மாதிரி ஒட்டினால், பற்கள் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்டிருக்கின்றன. புது எண்ணெய் ஊற்றி, டிசம்பர் பனியில் கொழுக்குமலைக்கு ஏறலாம். விரல்நுனியில் குத்துகிற சில்லு ஒன்றே ஒன்று இருந்தாலும், மூடியைக் கழற்றி மறுபடி சாயம் பூச வேண்டும்.